முன் வாங்கு

செருப்பைக் கழற்றுவதா, விடுவதா என்ற முதல் கேள்வியிலேயே நவரட்ணராஜா தோற்றுப் போகப் பார்த்தார்.

பிறந்து நாற்பத்திரண்டு வருடத்தில் எந்தக் கோயில் படியிலும் அவர் செருப்போடு கால் வைத்ததில்லை. மூளை யோசித்து முடிப்பதற்குள் இடது கால் தன்பாட்டில் வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் சப்பாத்து டக் டக்கென்று கேட்க அவரைத் தாண்டி அந்தக் கருங்கல் தேவாலயத்துக்குள்ளே போனார். நவரட்ணராஜா அவசர அவசரமாகக் காலைத் திரும்பவும் செருப்புக்குள் திணித்தார். பக்கத்தில் நின்ற வீட்டுக்கார அம்மா மிஸிஸ் வீரசிங்கமும் ஒரு காலைத் தூக்கி உதறிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். சிறுகல் ஏதும் போயிருக்கும்.

"உள்ளுக்குப் போவமே, தம்பி?"

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ, அக்கா."

"சீச்சீ, நீங்கள் போங்கோ. ஆம்பிளையள் முன்னுக்குப் போறதுதானே முறை."

மனுசி பரீட்சையைத் தொடங்கிவிட்டா என்று நவரட்ணராஜாவுக்கு விளங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு கை பார்த்துவிடுவதென்று முடிவெடுத்துத்தான் அன்று காலை கெலிஓயாவில் பஸ் ஏறியிருந்தார்.

அவர் ஒன்றும் வேடிக்கை பார்க்க வந்த ஆள் இல்லை. ஒரு வீட்டுக்காக வந்திருந்தார். போன ஆடிக் கலவரத்தில் கண்டியில் குடியிருந்த வாடகை வீடு எரிந்தது. அதோடு அலுமாரி, கட்டில், அவருடைய ஒரேயொரு சோடிச் சப்பாத்து எல்லாம் போயிற்று. உடுத்த உடுப்போடு குடும்பம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. ஐந்து மாதம் கழித்துக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வந்து வேலையை ஒப்புக்கொள்ளும், இல்லாவிட்டால் வேலை இல்லை. வேறு என்ன செய்வது? வந்தார். மனைவி பத்மாதேவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கூட வந்தார்கள். கெலிஓயாவில் ஒரு சிநேகிதர் தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தார். சிநேகிதர் தங்கமான மனுசன். அவர் மனைவியும் நல்லவர்தான், ஆனால் ஒரு கிழமையாகக் கதவுகளை அடித்துச் சாத்தத் தொடங்கியிருந்தார்.

பதினேழு வீடு கேட்டாயிற்று. பதினேழு வாசலிலும் "யாழ்ப்பாணமோ?" என்ற ஒரே கேள்விதான். அதற்குப் பிறகு வீட்டுக்காரருக்குத் திடீரென்று வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பி வந்துவிடுவான், அல்லது கூரை ஒழுகத் தொடங்கிவிடும்.

"இஞ்சரப்பா," என்று பத்மாதேவி போன கிழமை சொல்லியிருந்தாள். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை வீடு ஒண்டு அமைஞ்சால் சரி. இல்லாட்டி திங்கள் ரயிலிலை நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன். நீங்கள் இஞ்சை தனிய இருங்கோ. நான் அங்கை இருந்து, கண்டியிலை என்ன நடக்குதோ எண்டு நாள் முழுக்க ரேடியோவுக்குக் காது குடுத்துக்கொண்டிருக்கிறன்."

அந்த ரேடியோக் கதைதான் அவரைப் போட்டு வாட்டியது. ஒருமுறை பிரிந்தால் பிறகு சேருவது எந்தக் காலமோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தோடு அடுத்த நாளே மூக்கையாவிடம் போய் நின்றார்.

மூக்கையா மார்க்கெட்டுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தான். மற்ற நேரங்களில் வீட்டுத் தரகு. வாயைத் திறந்தால் பாதி உண்மை வரும், மீதியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"அஸ்கிரிய ஏத்தத்துல ஒரு வீடு இருக்கு சார். அம்மா தனியா இருக்காங்க. பாதி வீட்டைக் குடுக்கலாம்னு சொல்றாங்க. ஒரே ஒரு விஷயம். அவங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. வேதக்காரருக்குத்தான் குடுப்பாங்க."

"நான் சைவமெல்லோ!"

"அது நெத்தியில தானே சார் எழுதியிருக்கு? அழிச்சுட்டாப் போச்சு."

"என்ன வேதம்? றோமனோ?"

"இல்ல சார், மேட்டுல கருங்கல்லுல கட்டின இங்கிலீஸ் கோயில் இருக்கில்ல, அது. அங்கிலிக்கன்."

"என்ரை பேரைக் கேட்டாலே தெரியுமே. ஜோன், டேவிட் எண்டு ஒண்டும் இல்லை."

"அந்தம்மா பேரு மட்டும் என்ன, இராஜேஸ்வரி. அவங்க அதெல்லாம் பாக்குறதில்ல."

வியாழக்கிழமை மத்தியானம் நெற்றியைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பச்சைக் கேற். முன் ஜன்னலில் கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. மிஸிஸ் வீரசிங்கம் அறுபது வயது மதிக்கக்கூடியவர். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, அசல் வேதக்காரத் தோற்றம். கதிரை நுனியில் இருந்துகொண்டு இவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நீங்கள் வேதக்காரர் எண்டு மூக்கையா சொன்னான்."

"ஓம், ஓம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டைப் பார்த்தால் முற்றத்தில் ஒரு தேசிமரம், பிள்ளைகள் படிக்க ஒரு தனி அறை. மனுசனுக்கு ஆசை முற்றிவிட்டது.

"ஞாயிறு ஆராதனை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை, அக்கா. நீங்கள் எத்தனை மணி ஆராதனைக்குப் போறனீங்கள்?"

மிஸிஸ் வீரசிங்கம் சேலைத் தலைப்பை ஒருதரம் முறுக்கினார். "நானோ? நான்... ஏழரைக்கு."

"அப்ப நானும் ஏழரைக்கே வாறன்!"

"வாங்கோ," என்றார் அவர், கொஞ்சம் பொறுத்து. "கோவிலடியிலேயே வீட்டுத் திறப்பைத் தாறன், பூட்டைத் திறந்து குடி வரலாம்."

சும்மா இருந்த வாய் செய்த வேலை இது. இப்போது ஏழு இருபத்தைந்துக்கு அந்த வாய் வறண்டுபோய் வாசலில் நின்றது.

வாசலுக்குள் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வீரய்யா நின்றார். நரைத்த மீசை, தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை. இரண்டு பேர் கையிலும் இரண்டிரண்டு புத்தகங்களைக் கொடுத்தார். பிறகு ஒரு கடதாசியையும் பென்சிலையும் எடுத்தார்.

"யாருக்காவது விசேஷமா ஜெபம் பண்ணணுமா சார்? பேரு சொன்னீங்கன்னா சாமியார் வாசிப்பாரு."

அப்பாடா, தெரிந்த விஷயம் ஒன்று வந்துவிட்டதே என்று நவரட்ணராஜாவுக்கு உயிர் வந்தது. நிமிர்ந்து நின்று கந்தோரில் பதிவு சொல்லும் குரலில் சொன்னார்.

"பத்மாதேவி, பூச நட்சத்திரம், கடக ராசி. சாருமதி, சுவாதி நட்சத்திரம், துலா ராசி. சின்னவள் யாழினி, ரோகிணி..."

வீரய்யாவின் பென்சில் அந்தரத்தில் நின்றது. அவர் இவரைப் பார்த்தார், மிஸிஸ் வீரசிங்கத்தைப் பார்த்தார், பிறகு மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டு மளமளவென்று எல்லாவற்றையும் எழுதினார்.

நவரட்ணராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடி முட்டாளே! காது சூடாகியது. போனது போகட்டும், இனி ஒரு பிழையும் விடக்கூடாது. முன்னுக்கு இருக்கிறவர்கள் செய்வதைப் பார்த்து அச்சொட்டாகச் செய்தால் முடிந்தது.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் கால்களுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டார். கோயிலுக்குள் நுழைந்தால் சாமிக்குக் கிட்டப் போய் நிற்பதுதான் அந்தக் கால்கள் பழகிய வழக்கம். கூட்டம் இருந்தால் இடித்துக்கொண்டாவது போவார். இங்கே கூட்டமும் இல்லை, வழி விடு என்று சொல்லவும் தேவை இல்லை. நடந்தார், நடந்தார், பலிபீடத்துக்கு முன்னால் இருந்த முதல் நீள மர வாங்கில் போய்த்தான் நின்றார். மிஸிஸ் வீரசிங்கமும் பின்னாலேயே வந்து பக்கத்தில் இருந்தார்.

இருந்த பிறகு திரும்பிப் பார்த்தார். வந்திருந்த இருபது இருபத்தைந்து பேரும் கடைசி ஐந்து வாங்கில் இருந்தார்கள். இடையில் வெறும் வாங்குகள். கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனவர்களின் இடங்கள் அவை. இவர்களுக்கு முன்னால் ஒரு குஞ்சு குருமான் இல்லை. பார்த்துச் செய்ய ஒருவரும் இல்லை.

"பின்னுக்குப் போவமோ, அக்கா?"

"உங்களுக்கு விருப்பமெண்டால் போவம்."

"இல்லை, உங்களுக்கு எது வசதி..."

ஓர்கன் முழங்கியது. பின்னால் எல்லோரும் எழும்பும் சத்தம் கேட்டது. இவரும் துள்ளி எழும்பினார்.

சுவரில் ஒரு பலகையில் எண்கள் தொங்கின. முதல் எண் 212. விடுவாரா? கையில் அகப்பட்ட புத்தகத்தில் 212-ஆம் பக்கத்தைப் பிரித்துப் பின்னால் வந்த ராகத்தில் முழுக் குரலில் பாடத் தொடங்கினார். மிஸிஸ் வீரசிங்கம் எட்டிப் பார்த்துத் தானும் அதே பக்கத்தைப் பிரித்து மெல்லிய குரலில் சேர்ந்துகொண்டார். இரண்டு வரி போன பிறகுதான் நவரட்ணராஜா தலைப்பைப் பார்த்தார். அவர் வைத்திருந்தது பாட்டுப் புத்தகமே இல்லை, ஜெபப் புத்தகம். செத்தவரை எப்படி அடக்கம் செய்வது என்பதை அவர் காலங்காத்தாலே சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

நிறுத்தினால் பிழை தெரிந்துவிடும். கடைசிவரை பாடினார்.

அடுத்து, கண்ணாடி போட்ட வயதான சாமியார் ஏதோ சொல்ல, பின்னால் ஒரு சரசரப்பு. எல்லோருடைய உயரமும் குறைவது போல ஒரு சத்தம். நவரட்ணராஜா கீழே பார்த்தார். காலடியில் சின்னச் சின்ன மெத்தைகள் இருந்தன. அட, இவ்வளவுதானா! ஒன்றை இழுத்து வைத்துச் சம்மணம் கட்டி வசதியாக இருந்துகொண்டார்.

மிஸிஸ் வீரசிங்கம் அப்போதுதான் மெத்தையில் முழங்காலைப் பாதி ஊன்றியிருந்தார். இவரைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு காலை மடக்கிச் சம்மணம் கட்டி இவர் பக்கத்தில் இருந்தார்.

'சரியாத்தான் செய்திருக்கிறன்,' என்று நவரட்ணராஜாவுக்கு நெஞ்சு நிறைந்தது. பின்னால் இருந்தவர்களுக்கோ முதல் வாங்கில் இருந்த இரண்டு பேரும் திடீரென்று காணாமற் போய்விட்டார்கள். யாரோ எழும்பி எட்டிப் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள்.

பிரசங்கம் பொய் சொல்வதைப் பற்றி. நாட்டில் எத்தனை விஷயம் இருக்க, சாமியாருக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. நவரட்ணராஜா நெற்றியைத் துடைத்தபடி கேட்டார். மிஸிஸ் வீரசிங்கம் நிமிரவே இல்லை.

பிறகு வந்தது ஜெபப் பட்டியல். அந்தச் சாமியாருக்கு ஒரு பழக்கம், வீரய்யா எழுதிக் கொடுப்பதை முன்கூட்டிப் பார்க்க மாட்டார், அப்படியே வாசிப்பார்.

"நோயுற்றிருக்கும் தங்கம்மாவுக்காகவும், பிரயாணத்திலிருக்கும் சாமுவேலுக்காகவும், பத்மாதேவி, பூச நட்சத்திரம், கடக..." சாமியார் கண்ணாடியைச் சரி செய்தார். "கடக ராசிக்காகவும்..."

"கர்த்தாவே, கேட்டருளும்," என்றது சபை, வழக்கப்படி.

"சாருமதி, சுவாதி நட்சத்திரம், துலா ராசிக்காகவும்..."

"கர்த்தாவே, கேட்டருளும்." இந்தமுறை பாதிப் பேர்தான் சொன்னார்கள்.

நவரட்ணராஜா வாங்குக்குள் புதைந்து போகலாமா என்று பார்த்தார். கடைக்கண்ணால் பக்கத்தில் பார்த்தார். மிஸிஸ் வீரசிங்கம் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. கோபமா, அழுகையா? எதுவாக இருந்தாலும் வீடு கைவிட்டுப் போய்விட்டது என்று அவருக்குப் பட்டது. திங்கள் ரயிலும், ஜன்னலோரத்தில் யாழினியின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

இல்லை. விடக்கூடாது. ஆராதனை இன்னும் முடியவில்லையே.

அந்த நேரம் பலிபீடத்தில் மணி அடித்தது. மணி அடித்தால் அவருடைய கை தலைக்கு மேலே போய்விடும், அதை அவரால் தடுக்க முடியாது. போய்விட்டது. வாயில் வந்த "அரோகரா"வைத்தான் கடைசி நேரத்தில் பிடித்து விழுங்கினார். தொலைந்தேன் என்று திரும்பிப் பார்த்தால், மிஸிஸ் வீரசிங்கத்தின் கைகளும் தலைக்கு மேலே குவிந்திருந்தன. கண்கள் மூடியிருந்தன.

அங்கிலிக்கனிலும் இது இருக்கிறதா! நல்லகாலம். அவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

வந்த மூச்சு நிலைக்கவில்லை. வீரய்யா வந்து முதல் வாங்கின் முனையில் நின்று, வாங்க என்று கை காட்டினார். திருவிருந்து. முன்னால் இருப்பவர்கள்தான் முதலில் போக வேண்டும்.

"நீங்கள் போங்கோ, அக்கா."

"நீங்கள் போங்கோ, தம்பி."

"இல்லை, நீங்கள்..."

"ரெண்டு பேருமே வாங்க," என்றார் வீரய்யா அடங்கிய குரலில்.

இரண்டு பேரும் போய்க் கம்பி அடைப்புக்கு முன்னால் முழங்காலில் நின்றார்கள். இந்தமுறை சம்மணம் கட்ட இடம் இல்லை. சாமியார் வலது பக்கத்திலிருந்து வந்தார். வயதான கை, கொஞ்சம் நடுங்கியது. அந்த நடுங்கும் கையில் வெள்ளையாக ஒரு சின்ன அப்பத் துண்டு. அதை அவர் பிடித்திருந்த விதம், பச்சைக் குழந்தையைப் பிடிப்பது மாதிரி இருந்தது.

வீட்டுக்காரரிடம் பொய் சொல்லலாம். கந்தோரில் லீவுக்குப் பொய் சொல்லலாம். சந்திக்குச் சந்தி மறித்துப் பேர் கேட்பவர்களிடமும் தேவை வந்தால் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார். ஆனால் இந்த மனுசன் தன் சாமியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நம்பித் தரும்போது கையை நீட்டிப் பொய் சொல்ல முடியுமா? யாருடைய சாமியாக இருந்தால் என்ன, சாமி சாமிதானே. நவரட்ணராஜா கைகளை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

சாமியார் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அப்பத்தை மற்றக் கைக்கு மாற்றி, இவர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். கை சூடாக இருந்தது. ஆடிக்குப் பிறகு வேற்று மனிதர் ஒருவரின் கை தன் மேல் அன்போடு படுவது இதுதான் முதல்தடவை என்று நவரட்ணராஜாவுக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

நிமிர்ந்தபோது பார்த்தார். மிஸிஸ் வீரசிங்கமும் கையை நீட்டவில்லை. அவரும் தலையைக் குனிந்து வெறும் ஆசீர்வாதம் மட்டும் வாங்கினார்.

இது ஏன் என்று அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பாவம் அந்த மனுசி. ஒரு பொய்யனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி வாங்குவா? என்னால் அவவின் ஞாயிறும் கெட்டுப் போயிற்று. அங்கேயே, அந்தக் கம்பி அடைப்புக்கு முன்னாலேயே, நவரட்ணராஜா தீர்மானித்துவிட்டார். வெளியே போனதும் உள்ளதைச் சொல்லிவிடுவது. வீடு போனால் போகட்டும். பத்மாதேவியிடமும் போய் நேரே சொல்லுவேன். பத்தொன்பதாவது வீட்டைத் தேடுவேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் திரும்பினார். "அக்கா, ஒரு கதை கதைக்க வேணும்."

மிஸிஸ் வீரசிங்கத்தின் முகம் வெளிறிப் போயிருந்தது. "கொஞ்சம் பொறுங்கோ தம்பி, இப்ப வாறன்," என்று சொல்லிக்கொண்டே பக்கக் கதவால் போய்விட்டார். அறுபது வயது மனுசி அவ்வளவு வேகமாக நடப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பின்னால் ஓடப் போனவரை, காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்கள் ரெண்டு பேரும் வேறை ஏதும் சபை முறையோ? நிலத்திலை இருந்து ஜெபம் பண்ணினதை நான் இண்டைக்குத்தான் கண்டனான். முழங்கால் நோவுக்கு நல்ல முறை. அடுத்த கிழமை நானும் இருக்கப் போறன்."

"ஐயா, குறை நினையாதேங்கோ, அவசரம்..."

"ராசி சொல்லி ஜெபிக்கிறதும் அந்த முறையோ?"

ஒருவாறு கையை உருவிக்கொண்டு வாசலுக்கு வந்தால் ஆளைக் காணோம். வீரய்யாதான் நின்றார். கையில் ஒரு திறப்புக் கோர்வை.

"இந்தாங்க சார், சாவி. அம்மா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க. இன்னைக்கே குடும்பத்தோட வந்துரச் சொன்னாங்க."

எத்தனை மாதமாக ஆசைப்பட்ட திறப்பு! கை அதை நோக்கிப் போனது. நவரட்ணராஜா அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம், வீரய்யா. அவவிட்டையே திருப்பிக் குடும். நான் வேதக்காரன் இல்லை. பரம்பரைச் சைவக்காரன். வேதக் கோயிலுக்குள்ளை வந்ததே இண்டைக்குத்தான். வீட்டுக்காகப் பொய் சொன்னனான். அந்த நல்ல மனுசியை இனியும் ஏமாத்த என்னாலை ஏலாது. எங்கை போனவ எண்டு சொல்லும், முகத்தைப் பார்த்துச் சொல்லி மன்னிப்புக் கேக்க வேணும்!"

வீரய்யா அவரை மேலும் கீழும் பார்த்தார். திறப்பை வாசல் மேசையில் வைத்தார். காலையிலிருந்து மீசைக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயோ சார், தான் சைவக்காரின்னு தெரிஞ்சா வேதக்காரரு குடி வரமாட்டாருன்னு மூக்கையா சொன்னதைக் கேட்டுப் பயந்துகிட்டு, காலையில ஆறு மணியிலேருந்து என்கிட்ட முழங்கால் போடப் பழகுனவங்க சார் அந்தம்மா; இப்ப உங்க கண்ணுல படாம பிள்ளையார் கோயிலுக்கு ஓடியிருக்காங்க, உங்க குடும்பம் எப்படியாவது தனக்குத் துணையா வந்து சேரணும்னு தேங்கா உடைக்க!"